ஒரு சர்வர், ஒரு வகுப்பு, ஆளுக்கு 3 ஜிபி: சிஸ்டம்டி யூசர் ஸ்லைஸ் மதிப்புரை

நூற்றுக்கு 78. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவசரக்காரர்கள் இத்துடன் கிளம்பலாம். மிச்சம் 22 எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் உட்காருங்கள்.

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது கடையில் விற்கிற பொருள் அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருக்கும் சிகுரூப் என்ற வசதியின் இரண்டாம் பதிப்பும், அதன்மேல், சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஏற்றிவைத்திருக்கும் யூசர் ஸ்லைஸ் என்ற ஏற்பாடும்தான். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது இன்னாருக்கு இவ்வளவு ரேம், இவ்வளவு ப்ராசஸ் (ஓடும் நிரல்), சிபியுவில் இவ்வளவு பங்கு என்று கர்னலே கட்டுப்படுத்தும் வழி அது. விலை கிடையாது. ஆனால் ஒழுங்காக அமைக்க ஒரு விடுமுறைக் காலம் முழுவதையும் கேட்கும்.

நான் காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் சாலையில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். உருப்படியான சர்வர் என்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று: 64 ஜிபி ரேம், 16 கோர், டெபியன் 12 லினக்ஸ். மேசைகளில் இருக்கும் பழைய கணினிகள் திரைக்கும் விசைப்பலகைக்கும்தான் உதவும். உண்மையான வேலை எல்லாம் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக அந்த ஒரு சர்வரில் நடக்கிறது. குடியாத்தம், ஆரணி, வாலாஜா, பள்ளிகொண்டா என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகள். பலர் வீட்டில் கணினி இல்லை. சர்வர் படுத்துவிட்டால் அன்றைய செய்முறை வகுப்பு அதோடு போயிற்று. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அதை ஈடு செய்யவும் முடியாது.

சர்வர் படுப்பதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. பாலாற்றங்கரையில் பக்கத்து நிலத்துக்காரர் பெரிய மோட்டார் போட்டு இழுத்தால் நம் கிணறு வற்றுகிற கதைதான். ஒருவருடைய பைத்தான் நிரல் ரேமை எல்லாம் உறிஞ்சும், சர்வர் ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதில் மெதுவான வட்டுக்கு, போகும், மற்றவர்கள் தட்டச்சிடும் எழுத்து அரை நிமிடம் கழித்துத் திரையில் வரும். பிறகு அதுவும் வராது.

இதைத் தடுக்க நெடுங்காலம் நாங்கள் நம்பியிருந்தது யூலிமிட் என்ற பழைய வரம்பு முறை. அதன் அடியில் இருக்கும் செட்ஆர்லிமிட் என்ற சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் கேட்கும் சேவை) 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையோடு 1983இல் வந்தது. என் மாணவர்களின் பெற்றோர் சிலரைவிட மூத்தது. மென் வரம்பு, கடின வரம்பு என்று அதில் இரண்டு. மென் வரம்பைப் பயனர் தானே கடின வரம்பு வரைக்கும் உயர்த்திக்கொள்ளலாம். கடின வரம்பை உயர்த்த ரூட் (நிர்வாகி) அதிகாரம் வேண்டும். அதன் சிபியு நேர வரம்பு எனக்கு இன்றும் பிடிக்கும். மென் வரம்பைத் தொட்டதும் சிக்எக்ஸ்சிபியு என்ற எச்சரிக்கை சிக்னல், கடின வரம்பைத் தொட்டதும் சிக்கில் என்ற கொல்லும் சிக்னல். முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்ட முதலாண்டு மாணவரின் சி நிரலை முடித்துவைக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நினைவகம் என்று வரும்போதுதான் யூலிமிட் கையை விரிக்கிறது. அது கணக்குப் பார்ப்பது ப்ராசஸ் வாரியாக. ஒரு ப்ராசஸுக்கு 2 ஜிபி, ஒருவருக்கு 100 ப்ராசஸ் என்று, இந்த வரம்புகளை வைக்கும் பாம் லிமிட்ஸ் கோப்பில் எழுதுங்கள். பார்க்கக் கறாராக இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஒரே மாணவருக்கு 200 ஜிபி வரைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். சர்வரில் இருப்பதோ 64. எண்ணிக்கை வரம்பு மட்டும்தான் ஆள் வாரியாகக் கணக்கிடப்படுகிறது. அதிலும் த்ரெட்கள் (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) எல்லாம் சேர்த்தி என்பதால் ஒரு ஜாவா நிரலே பல பத்துகளை விழுங்கிவிடும்.

இன்னொரு கோளாறு: நினைவக வரம்பு என்று அது அளப்பது உண்மையில் பயன்படுத்திய ரேமை அல்ல, கேட்டு ஒதுக்கிவைத்த முகவரிப் பரப்பை. எங்கள் சி வகுப்பில் அட்ரஸ் சானிடைசரோடு நிரலைத் தொகுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். சுட்டிப் பிழைகளைப் பிடிக்க அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அது தொடங்கும்போதே 16 டெராபைட்டுக்கும் மேல் முகவரிப் பரப்பை வளைத்துப் போட்டுக்கொள்ளும். தொடுவது சில எம்பிதான். ஆனால் 2 ஜிபி என்று முகவரி வரம்பு வைத்த கணக்கில் அந்த நிரல் முதல் வரியைக்கூடத் தாண்டாது. உண்மை ரேமை அளக்கும் ஆர்எஸ்எஸ் வரம்பு என்று ஒன்றும் கையேட்டில் இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸ் 2.4.30 முதற்கொண்டு அதற்கு எந்த விளைவும் இல்லை. எழுதினால் பிழைச் செய்தி வராது, பலனும் வராது. இப்படிப்பட்ட அலங்காரப் பொருளை இத்தனை ஆண்டுகள் ஏன் வைத்திருக்கிறார்களோ.

சிகுரூப் கதை வேறு. 2006இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய வேலை அது. 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலோடு வெளிவந்தது. முதல் பதிப்பு ஒவ்வொரு வளத்துக்கும் ஒவ்வொரு மரமாகக் கிளைத்துக் குழம்பிக் கிடந்தது. 2016இல் வந்த 4.5 கர்னலில் இரண்டாம் பதிப்பு, ஒரே மரமாக, அதிகாரப்பூர்வமானது. டெபியன் 11 முதல் இதுதான் இயல்பான அமைப்பு, ஆகவே தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

மாணவர் லாகின் செய்தவுடன் அவருக்கென்று ஒரு ஸ்லைஸ் உருவாகிறது. பயனர் எண் 1042 என்றால் யூசர்-1042.ஸ்லைஸ். அவர் எத்தனை டெர்மினல் திறந்தாலும், டிமக்ஸில் எதை ஓடவிட்டுப் போனாலும், எல்லாம் அதற்குள் அடக்கம். ஆய்வகத்தில் ஒரு சன்னல், விடுதியிலிருந்து இன்னொரு சன்னல் என்று வந்தாலும் கணக்கு ஒன்றே. நண்பனின் கடவுச்சொல்லை வாங்கி எஸ்யு கட்டளையால் அவன் பெயருக்கு மாறினாலும் ஸ்லைஸ் மாறுவதில்லை. செலவு நண்பன் பெயரில் அல்ல, மாறியவர் பெயரில்தான் ஏறும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அமைப்பது எளிது. எட்ச் அடைவில் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம், அதற்குள் யூசர்-.ஸ்லைஸ்.டி என்று ஓர் அடைவு. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் எண் விடுபட்டதுபோல் தெரிவது பிழை அல்ல. எல்லாப் பயனருக்கும் பொருந்தும் என்பதற்கான வடிவம். இந்த வசதி 2018இல் சிஸ்டம்டி 239ஆம் பதிப்போடு வந்தது. அந்த அடைவில் ஒரு கோப்பு. தலைப்பு வரியில் ஸ்லைஸ் என்று போட்டு, அதன்கீழ் என் சர்வரில் மூன்றே வரி: மெமரிமேக்ஸ் 3ஜி (ரேமுக்கு மேல்வரம்பு), டாஸ்க்ஸ்மேக்ஸ் 400 (ப்ராசஸ், த்ரெட் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு), சிபியுவெயிட் 100 (சிபியு பங்கீட்டில் எடை). ஒருவருக்கு மட்டும் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டுமா, செட்-ப்ராப்பர்ட்டி கட்டளை இருக்கிறது. லாகினில் இருப்பவரை வெளியேற்றாமலே, அவர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரம்பு மாறிவிடும். யூலிமிட்டில் கோப்பைத் திருத்திவிட்டு, ‘எல்லோரும் வெளியேறி மறுபடி வாருங்கள்’ என்று வகுப்பில் கத்த வேண்டியிருந்தது நினைவிருக்கிறது.

வகுப்பில் நாற்பது பேர். நாற்பதை மூன்றால் பெருக்கினால் 120. இருப்பது 64 தானே என்று துறைத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பில் பெரும்பாலானவர்கள் எடிட்டரையும் கம்பைலரையும் தாண்டுவதில்லை. நூறு இருநூறு எம்பிக்குள் முடிந்துவிடும். மேல்வரம்பு என்பது உத்தரவாதம் அல்ல, தடுப்பு. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் 3 ஜிபியைத் தொட்டாலும் சர்வர் மூச்சுவிடும். உத்தரவாதமே வேண்டும் என்றால் மெமரிலோ, மெமரிமின் என்று தனி அமைப்புகள் உண்டு, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மூன்று என்ற எண் எப்படி வந்தது? ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் மெமரி.பீக் என்ற கோப்பை 5.19 கர்னலிலிருந்து தருகிறார்கள்; அந்த ஸ்லைஸ் தொட்ட உச்ச அளவு அதில் இருக்கும். ஆனால் மாணவர் முழுவதுமாக வெளியேறியவுடன் ஸ்லைஸும் கலைந்துவிடும், கோப்பும் போய்விடும். ஆகவே வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோருடைய உச்ச அளவையும் ஒரு கோப்பில் சேர்க்கும் சிறு நிரல் ஒன்றை ஓடவிட்டேன். கணக்குப் பார்க்க ஒரு பருவம் ஆனது. அந்தத் தகவலைக் கலையும் முன் எங்காவது குறித்துவைக்கும் வசதியைச் சிஸ்டம்டியே தந்திருக்கலாம். இதற்கு மூன்று மதிப்பெண் குறைத்தேன்.

அணைக்கட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி, இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்ச் செடியின் இலை நோயைப் புகைப்படத்திலிருந்து கண்டுபிடிக்கும் திட்டம் எடுத்திருந்தாள். அப்பாவின் கைப்பேசியில் எடுத்த படங்கள், ஆயிரக்கணக்கில். நல்ல திட்டம். ஒரு மதியம் என் மேசைக்கு வந்தாள்.

“மேடம், என் நிரல் தானாகச் செத்துப் போகிறது. பிழை என்னவென்றே சொல்லமாட்டேன் என்கிறது.”

“என்ன வந்தது திரையில்?”

“கில்டு என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான்.”

அவள் நிரல் எல்லாப் படங்களையும் முழு அளவில் ஒரே பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தது. 3 ஜிபியைத் தொட்டவுடன் கர்னல் அவள் ஸ்லைஸுக்குள்ளேயே பெரிய ப்ராசஸ் எது என்று பார்த்து அதை மட்டும் கொன்றிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரிக்கு எதுவும் தெரியாது. அவள் எஸ்கியூஎல் பயிற்சி போய்க்கொண்டே இருந்தது. யூலிமிட் காலத்தில் அந்த மதியம் வகுப்பே கலைந்திருக்கும். 78இல் நாற்பது மதிப்பெண் இந்த ஒரு மதியத்துக்குத்தான்.

அந்த ஒற்றைச் சொல்தான் கண்ணை உறுத்துகிறது. ஏன் கொல்லப்பட்டது, எந்த வரம்பு, எவ்வளவு பயன்பாடு எல்லாம் கர்னல் பதிவில் விரிவாக இருக்கின்றன. ஆனால் அதைப் படிக்கும் அனுமதி மாணவருக்கு இல்லை. மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் எத்தனை முறை கொல்லப்பட்டது என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். அதை மாணவரும் படிக்கலாம், ஆனால் அப்படி ஒரு கோப்பு இருப்பதே அவருக்கு எப்படித் தெரியும்? நானே ஒரு சிறு நிரல் எழுதி, அந்த எண்ணிக்கை ஏறினால் அவர் டெர்மினலில் ‘உங்கள் 3 ஜிபி தீர்ந்துவிட்டது, படங்களைப் பகுதி பகுதியாக ஏற்றுங்கள்’ என்று தமிழில் காட்டச் செய்தேன். இதற்கு ஆறு மதிப்பெண் போயிற்று. ஒருவரைத் தண்டிக்கும்போது காரணம் சொல்ல வேண்டாமா?

நிரலை அவள் திருத்திய பிறகு மறுபடி ஒரு கலவரம். ‘ஸ்டேட்டஸ் பார்த்தால் 2.9 ஜிபி காட்டுகிறது, மறுபடி சாகப்போகிறது’ என்று ஓடிவந்தாள். சாகவில்லை. சிகுரூப் கணக்கில் கோப்புகளைப் படிக்கும்போது கர்னல் சேமித்துவைக்கும் பேஜ் கேஷும் சேரும். ஆயிரம் படங்களைப் படித்தால் எண் மேலேறும். ஆனால் நெருக்கடி வந்தால் அந்தப் பகுதியைக் கர்னல் எடுத்துக்கொள்ளும், யாரும் சாகமாட்டார்கள். மெமரி.ஸ்டாட் கோப்பில் அனான் (நிரலே கேட்டு வாங்கிய நினைவகம்) என்ற வரியும் ஃபைல் (கோப்புகளின் கேஷ்) என்ற வரியும் தனித்தனியே இருக்கின்றன; கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் அனான் வரிக்குத்தான். அவளுக்கு அனான் 700 எம்பிகூட இல்லை.

மெமரிஹை பற்றி ஓர் எச்சரிக்கை. மெமரிமேக்ஸ் கொல்லும், மெமரிஹை கொல்லாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் என்று ஆவணத்தில் படித்து, இரக்க குணம் உள்ளவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஸ்வாப் இல்லாத சர்வரில் அதைப் போட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய நிரல் நினைவகம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கர்னல் அதைத் தூங்கவைக்கும், ஒரு தடவைக்கு இரண்டு விநாடி வரை. நிரல் சாகவும் செய்யாது, முடியவும் செய்யாது. அதே ஸ்லைஸில் இருக்கும் ஷெல்லும் (கட்டளை வாங்கும் நிரல்) சேர்ந்து தவழும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் பதில் வர யுகமாகும். ‘சர்வர் தொங்கிவிட்டது’ என்று புகார் வரும், சர்வரோ சும்மா இருக்கும். மாணவருக்குச் சட்டென்று சாவதே மேல். திருத்திக்கொண்டு மறுபடி ஓட்டுவார்.

ப்ராசஸ் எண்ணிக்கைக்கு வருகிறேன். சிஸ்டம்டி தானாகவே டாஸ்க்ஸ்மேக்ஸ் 33 சதவீதம் என்று வைத்து அனுப்புகிறது. எதில் 33 சதவீதம்? கர்னல் தாங்கும் மொத்த எண்ணிக்கையில். 64 ஜிபி இயந்திரத்தில் அது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வருகிறது. தன்னையே இரண்டிரண்டாகப் பெற்றெடுக்கும் அந்தப் பிரபலமான ஒற்றை வரி ஷெல் கட்டளையை ஏதாவது ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு ஓட்டிப் பார்க்காத இரண்டாம் ஆண்டு வகுப்பை நான் கண்டதில்லை. ஒன்றரை லட்சம் என்ற வரம்பு அதற்கு ஒரு தடையே அல்ல; அதை எட்டுமுன் சர்வர் மூச்சடைத்துவிடும். 400 என்று வைத்த பிறகு, ஓட்டிப் பார்த்த மாணவர் மட்டும் தன் ஸ்லைஸுக்குள் அடைபட்டுக்கிடந்தார். புது டெர்மினல் திறக்கவும் முடியாமல் அசட்டுச் சிரிப்போடு என்னிடம் வந்தார். லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கட்டளை ஒரு வரியில் எல்லாவற்றையும் துடைத்தது. இயல்பு மதிப்பை இவ்வளவு தாராளமாக வைத்ததற்கு ஐந்து மதிப்பெண் குறைவு.

இதைப் பின்பற்றப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எண் இல்லாத அந்த அடைவு எல்லாப் பயனருக்கும் என்றால் ரூட்டுக்கும்தான். நீங்களே எஸ்எஸ்எச் வழியாக ரூட்டாக நுழைந்து காப்பு எடுத்தால் அதற்கும் 3 ஜிபிதான். யூசர்-0.ஸ்லைஸ்.டி என்று தனி அடைவு போட்டு, முதல் கோப்பைவிடப் பெரிய எண்ணில் தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு வைத்து, வரம்பை இன்ஃபினிட்டி ஆக்கிவிடுங்கள்.

சிபியுவில் எனக்குக் குறையே இல்லை. ஒருவர் அறுபது த்ரெட் ஓட்டினாலும், இன்னொருவர் எடிட்டரில் நாலு வரி தட்டினாலும், போட்டி வரும்போது இரண்டு ஸ்லைஸுக்கும் சம பங்கு. யாரும் இல்லாத இரவில் ஒருவரே 16 கோரையும் எடுத்துக்கொள்ளலாம். சிபியுகோட்டா என்று கறாரான வரம்பும் உண்டு. 200 சதவீதம் என்றால் இரண்டு கோர். அதை நான் போடவில்லை. சும்மா கிடக்கும் கோரை யாருக்கும் கொடுக்காமல் பூட்டிவைப்பதில் என்ன லாபம்?

வீட்டில் ஒரு பழைய இயந்திரத்தில் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளம்) வைத்திருக்கிறேன், ஒப்பிடுவதற்காக. அதன் வள வரம்பு வசதியான ஆர்சிடிஎல் 2012இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. விதி எழுதும் அழகுக்கு அதுதான் முதலிடம்: யாருக்கு, எந்த வளம், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு என்று நான்கையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். பயனர், லாகின் வகுப்பு, ஜெயில் (தனித்து அடைக்கப்பட்ட சூழல்), ப்ராசஸ் என்று யார்மீதும் விதி போடலாம். மறுப்பது மட்டுமல்லாமல் சிக்னல் அனுப்பவும், பதிவில் எழுதவும் சொல்லலாம். சிஸ்டம்டியின் அடைவுக்குள் அடைவு விளையாட்டை அதன் பக்கத்தில் வைத்தால் வெட்கமாக இருக்கும். ஆனால் வளக் கணக்குப் பார்க்கும் ராக்ட் வசதியைத் துவக்கத்திலேயே இயக்கி மறுதொடக்கம் செய்ய வேண்டும், எடை வாரியாகச் சிபியுவைப் பங்கிடும் வழி அதில் இல்லை. வகுப்பறைக்கு எனக்கு வேண்டியது பங்கீடுதான்.

மீதி எட்டு மதிப்பெண் ஓட்டைகளுக்கு. முதல் ஓட்டை கிரான், அதாவது குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் சேவை. டெபியனில் கிரான் வேலைகள் பயனரின் ஸ்லைஸுக்குள் ஓடுவதில்லை. கிரான் சேவையின் கணக்கில் ஓடுகின்றன. கெட்டிக்கார மாணவர் தன் கனமான நிரலைக் கிரான் அட்டவணையில் போட்டால் 3 ஜிபி வரம்பு அவரைத் தொடாது. கிரான்.அலவ் கோப்பில் எங்கள் இருவர் பெயரை மட்டும் வைத்து அதை அடைத்தேன். இரண்டாவது தரவுத்தளம். மாணவர் எழுதிய மோசமான இணைப்பு வினவல் தின்னும் ரேமும் சிபியுவும் மாரியாடிபி சேவையின் கணக்கில்தான் ஏறும். வினவலை அனுப்பியவர் ஸ்லைஸில் எதுவும் தெரியாது. அங்கே பயனருக்கான வினவல் நேர வரம்பைத் தரவுத்தளத்திலேயே வைக்க வேண்டியிருந்தது. வட்டு இடமும் இதில் சேராது. அதற்குப் பழைய கோட்டா முறைதான் இன்றைக்கும்.

மூன்றாவது டாக்கர், அதாவது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைகளில் அடைத்து ஓட்டும் கருவி. இறுதியாண்டுக் குழு ஒன்று அதைக் கேட்டு வந்தது. டாக்கர் கன்டெய்னர்கள் டாக்கர் டீமனின் (பின்னணிச் சேவை) பொறுப்பில் சிஸ்டம் பக்கத்தில் ஓடுபவை. பயனரின் வரம்பு அவற்றுக்குப் பொருந்தாது. அதைவிட, டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது ரூட் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அதே வேலையை ரூட் இல்லாமல் செய்யும் பாட்மேனை நிறுவிக் கொடுத்தேன். அதன் கன்டெய்னர்கள் பயனரின் ஸ்லைஸுக்குள்ளேயே நிற்கின்றன, கட்டளைகளும் பெரும்பாலும் அவையேதான். குழு நான்கு நாள் முணுமுணுத்தது. திட்ட அறிக்கையில் இப்போது பாட்மேன் என்றே எழுதியிருக்கிறார்கள்.